சோம்பேறி என்று சொல்லற்க

சென்ற கிழமை ஒரு மாலைப்பொழுதில் எமது அயலிற் குடியிருக்கும் தாயொருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு எம் இல்லத்துக்கு வந்தார். அவர் கையில் மகனின் தேர்ச்சி அறிக்கை இருந்தது. தமிழுக்கு முப்பத்தொரு புள்ளி, கணிதத்துக்குப் பத்தொன்பது, வரலாற்றுக்கு இருபத்திரண்டு. அறிக்கையை எம்முன் வைத்துவிட்டு, "சரியான சோம்பேறி. படி என்றால் வயிற்றுவலி என்கிறான். கைத்தொலைபேசியைக் கொடுத்தால் மட்டும் வயிற்றுவலி பறந்துவிடுகிறது. நீங்கள்தான் நாலு வார்த்தை புத்தி சொல்லவேண்டும்" என்றார். பதினொரு வயதான அந்தப் பையன் வாசற்கதவைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புத்தி சொல்லுதல் எளிது. ஆயினும், யாதொன்றைச் சொல்லுமுன்னர் பையனை அறிந்துகொள்ள விரும்பினோம். தாயாரைத் தேநீர் அருந்த உள்ளே அனுப்பிவிட்டு, மேசைமீது கிடந்த பத்திரிகையின் சிறுவர் பகுதியை அவனிடம் நீட்டி, "தம்பி, இந்தக் கதையைக் கொஞ்சம் வாசித்துக் காட்டு பார்ப்போம்" என்றோம். முதல் வரியை ஒருவாறு சொல்லிவிட்டான். இரண்டாவது வரியில் "கேணி" என்றிருந்ததைக் "கிணறு" என்றான். மூன்றாவது வரியில், அச்சிற் காணப்படாத சொல்லொன்றைத் தானாகவே சேர்த்துக்கொண்டான். நாலாவது வரிக்கு வந்ததும் முகம் சிவந்தது. "தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனவன் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் உண்மை எமக்குப் புலனாயிற்று. அவன் வாசிக்கவில்லை, ஊகித்துக்கொண்டிருந்தான். பழகிய சொற்களின் உருவத்தைக் கண்ணால் அடையாளங் கண்டு, எஞ்சியவற்றைப் படத்தைப் பார்த்தும் கதைப்போக்கைப் பார்த்தும் இட்டு நிரப்பினான். இத்தனை ஆண்டுகளாக வகுப்பறையில் இந்த வித்தையைச் செய்து தப்பிவந்த பிள்ளையைச் சோம்பேறி என்பது எவ்வாறு பொருந்தும்? ஒரு வரியை வாசிக்க ஏனைய பிள்ளைகள் செலவிடும் உழைப்பைவிடப் பன்மடங்கு உழைப்பை, வாசிக்கத் தெரியாமையை மறைப்பதற்கு அவன் செலவிட்டிருக்கிறான்!

தாயார் திரும்பி வந்ததும் அவரிடம் ஒரு கேள்வி மாத்திரம் கேட்டோம்: "மகன் முதலாம் வகுப்பிற் சேர்ந்தது எந்த ஆண்டு?"

"2020 தை மாதம்" என்றார்.

ஐந்து மாதமும் நிரம்பாத முதலாம் வகுப்பு

வாசகர்களே, அந்த ஆண்டை நாம் மறந்துவிட்டோம், மறக்கவே விரும்புகிறோம். எனினும் ஒரு சிறு கணக்கைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

2020 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆந் திகதி, மறுநாள் முதல் நாட்டின் பாடசாலைகள் மூடப்படும் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. கொவிட் பெருந்தொற்று இலங்கையிற் கால்வைத்த நேரம் அது. மார்ச் 20 முதல் ஊரடங்கு. ஜூலையிற் பாடசாலைகள் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டபோது பரீட்சை வகுப்புகளுக்கே முதலிடம் கிடைத்தது. சின்னஞ்சிறுவர் ஓகஸ்ட் வரை காத்திருந்தனர். ஒக்டோபரில் இரண்டாவது அலை எழுந்தது, மீண்டும் கதவடைப்பு. நொவெம்பரில் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கு மட்டும் ஒரு பகுதி பாடசாலைகள் திறந்தன. ஆக, அந்த ஆண்டில் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை வகுப்பறையில் அமர்ந்திருந்த காலம் முழுமையாக ஐந்து மாதங்களுக்கும் வரமாட்டாது.

இரண்டாம் வகுப்பு இதனினும் மேலாக அமையவில்லை. 2021 சனவரியில் மேல் மாகாணம் நீங்கலாக ஏனைய இடங்களிற் பாடசாலைகள் திறந்தன. ஏப்பிரல் இறுதியில் மறுபடியும் மூடின. அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆந் திகதிதான், இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளின் கதவுகள் முதலில் திறக்கப்பட்டன. இடையில், ஜூலை முதல் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டை முன்னிட்டு ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலினின்றும் விலகியிருந்தன. அவர்களது கோரிக்கையின் நியாயத்தை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. பிள்ளையின் கணக்கில் அதுவும் கழிந்த காலமே என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

மூன்றாம் வகுப்புக்கு வந்த 2022 இலோ, நோய் தணிந்தது, வறுமை வந்தது. மார்ச்சில் மேல் மாகாணத்திற் கடதாசி இல்லாமையாற் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஜூன், ஜூலையில் எரிபொருள் இல்லாமையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. வாகனம் ஓடாத தெருவில் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று பெற்றோர் தவித்தனர். வீட்டிற் காலையுணவு இல்லாமையினால் அனுப்பாது விட்டோரும் உளர்.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் உருண்டோடின. வகுப்புமட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே சென்றது. அதே பிள்ளை 2024 இற் புலமைப்பரிசிற் பரீட்சை மண்டபத்தில் அமர்ந்தது. 2025 இல் ஆறாம் வகுப்புக்குச் சென்றது. அதன் ஏணியிற் கீழ்ப்படிகள் இரண்டோ மூன்றோ இல்லை என்பதை யார் பார்த்தார்கள்?

விடுபட்டது யாது?

முதலிரண்டு ஆண்டுகளிற் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதன்பின், வாசித்துக் கற்கிறது. முன்னது நிரம்பாவிடிற் பின்னது நிகழாது. வரலாற்றிலும் விஞ்ஞானத்திலும் புள்ளி குறைந்தது கண்டு அவ்வப் பாடங்களுக்குத் தனித்தனி ரியூசன் தேடுகிறோம். குறை அங்கெல்லாம் இல்லை, வாசிப்பில் இருக்கிறது என்பதை அறியாது போகிறோம்.

எங்கள் தமிழெழுத்துகளை எண்ணிப் பாருங்கள். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறத்தும் நிற்கும் "கொ", "கோ" என்பவற்றைப் பிரித்தறியப் பிஞ்சுக் கண்ணுக்கு நாள்தோறும் பயிற்சி வேண்டும். ல, ள, ழ என்னும் மூன்றையும் நாவின் இடமறிந்து ஒலிக்கவேண்டும். அதனை ஆசிரியரின் வாயைப் பார்த்தே குழந்தை கற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் ஆசிரியரின் வாய் முகக்கவசத்துள் இருந்தது. குழந்தையின் வாயும் அவ்வாறே. ஏட்டைத் தொடக்கிக் கைபிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்தோம். அதற்கு அடுத்த எழுத்துகளை உள்ளங்கையளவு கண்ணாடித் திரையிற் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டோம்.

அத்திரைதானும் எல்லார்க்கும் வாய்த்ததா? பெருந்தொற்றுக்குச் சற்று முன்னர் இலங்கையிற் கணினி இருந்த வீடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். மலையகத் தோட்டங்களில் அதனினும் மிகக் குறைவு. தந்தை வேலைக்குக் கொண்டுபோகும் கைத்தொலைபேசி ஒன்று. மாலையில் அது வீடு திரும்பும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் மூவர். அவருள் மூத்தவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை. ஆகவே கடைக்குட்டியின் பாடம் கடைசியாயிற்று; டேட்டாவுக்குப் பணமிருந்தால் மட்டும் நடந்தது. பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் சிற்றூரில், 2021 இல், தொலைபேசிச் சைகை கிடைக்கும் பாறையுச்சியைத் தேடிப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டுவழியே ஏறிச் சென்றதை உலகச் செய்தி நிறுவனங்களும் படம்பிடித்து வெளியிட்டன.

முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. அரசு "குருகெதர" என்னும் கல்வி ஒளிபரப்பை நடத்திற்று. பயிற்சித் தாள்களைப் பிரதிசெய்து வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுத்த ஆசிரியர்களையும் யாம் அறிவோம். அவர்களுக்கு இந்நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆயினும் ஏழு வயதுப் பிள்ளை பிழையாக உச்சரித்தவிடத்தில் நிறுத்தி, "இல்லை ராசா, இன்னொருதரம் சொல்" என்று கூற, தொலைக்காட்சிப் பெட்டியால் இயலுமா?

பாகிஸ்தானிற் கண்ட பாடம்

"பள்ளிகள் திறந்து ஆண்டுகள் பலவாயின. இழந்ததைப் பிள்ளைகள் இதற்குள் பிடித்திருப்பார்கள் அல்லவா?" என்று வினவுவோர் உளர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம் எண்ணத்தை மாற்றியது அயல்நாடொன்றின் அநுபவம்.

2005 ஒக்டோபர் 8 ஆந் திகதி பாகிஸ்தானின் வடபகுதியிற் கொடிய நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கு பாடசாலைகள் சராசரியாகப் பதினான்கு கிழமைகள் மூடிக்கிடந்தன. நான்கு ஆண்டுகளின் பின்னர் ஆராய்ச்சியாளர் சென்று பார்த்தனர். வீடுகள் கட்டப்பட்டிருந்தன, குடும்பங்கள் உதவிப்பணத்தால் நிமிர்ந்திருந்தன, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் நிலநடுக்கத்துக்கு அண்மையில் வாழ்ந்த பிள்ளைகள் படிப்பில் ஒன்றரை ஆண்டுக்குமேற் பின்தங்கியிருந்தனர். மூடியிருந்ததோ பதினான்கு கிழமை; பின்தங்கியதோ ஒன்றரை ஆண்டு! காரணம் யாது? பள்ளி திறந்த நாளில் ஆசிரியர் வகுப்புக்குரிய பாடத்தை வழமைபோல் நடத்திச் சென்றார். அதற்கு முந்திய பாடம் தெரியாத பிள்ளைக்கு அன்றைய பாடமும் விளங்கவில்லை. நாளைய பாடமும் விளங்கவில்லை. மூடிய காலத்தில் நேர்ந்த இழப்பைவிடத் திறந்த பின்னர் நேர்ந்த இழப்பே பெரிதாயிற்று.

அந்த ஆராய்ச்சியிற் கண்ட மற்றுமொரு செய்தி தாய்மார் நெஞ்சிற் பதித்துக்கொள்ளத்தக்கது. ஆரம்பக் கல்வியை மட்டுமேனும் முடித்த தாய்மாரின் பிள்ளைகள் அவ்வாறு பின்தங்கவில்லை. பட்டம் பெற்ற தாய்மாரல்லர் அவர்கள். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்களும் அவருள் அடங்குவர். எங்கள் நாட்டுத் தாய்மாருள் அவ்வளவு கல்வி பெறாதவர் மிகச் சிலரே. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனை இன்றைய தாய்மார் மட்டுமன்றி அவர்தம் தாய்மாரும் அநுபவித்தவர்கள். ஆதலால், மருந்து எம் வீட்டிலேயே இருக்கிறது.

துன்பம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. பெருந்தொற்றின் உச்சத்தில் 190 இற்கு மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் பள்ளியை இழந்தனர். வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் எளிய பந்தியொன்றை வாசித்து விளங்கமுடியாத பத்து வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கு 57 என்றிருந்த நிலை, 70 ஆக உயர்ந்திருக்கும் என உலக வங்கியும் துணை நிறுவனங்களும் 2022 இல் மதிப்பிட்டன. செல்வ நாடுகளும் தப்பவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பு நடத்தும் பீசா என்னும் சோதனையில், அவ்வமைப்பு நாடுகளின் பதினைந்து வயது மாணவர் கணிதத்திற் பெற்ற சராசரிப் புள்ளி, 2018 இற்கும் 2022 இற்கும் இடையே ஏறத்தாழ 15 புள்ளிகள் வீழ்ந்தது. ஊர் முழுவதும் வெள்ளம் வந்தவிடத்து, நனைந்த பிள்ளையை மட்டும் "ஏன் நனைந்தாய்" என்று அடிப்பார் உளரா?

மூத்த பிள்ளைகளின் காத்திருப்பு

சின்னவர்கள் படியை இழந்தார்கள். மூத்தவர்கள் காலத்தை இழந்தார்கள். 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். வழமைப்படி அது ஓகஸ்டில் நடந்திருக்க வேண்டும். நடந்ததோ 2023 சனவரி, பெப்ரவரியில். பெறுபேறு வந்தது 2023 செப்டெம்பரில். பல்கலைக்கழக அனுமதிக்கு அதற்கு அப்பாலும் காத்திருக்க வேண்டியிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஓராண்டென்பது சிறு காலமா? நண்பன் ஒருவன் வெளிநாடு செல்கிறான். மற்றொருவன் கடையில் வேலைக்குச் சேர்கிறான். இவன் மட்டும் கையிற் கடிதமுமின்றி, செய்யத் தொழிலுமின்றி, திண்ணையில் இருக்கிறான். "இன்னும் வீட்டிலா?" என்று வருவோர் போவோரெல்லாம் கேட்கிறார்கள். அக்கேள்வியை நாமும் சிலரிடம் கேட்டிருக்கிறோம் என்பதை இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது.

இவ்விளைஞருள் எத்தனையோ பேர் பின்னர் நிமிர்ந்துவிட்டனர். ஆயினும், "திட்டமிட்டு என்ன பயன்? எதுவும் நடக்காது" என்னும் மனச்சோர்வு சிலரிடத்து இன்னும் தங்கியிருக்கக் காண்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, பெருந்தொற்றின் முதலாண்டில் மட்டும் உலகில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் நூற்றுக்கு 25 வீதம் அதிகரித்தன. அதிகம் பாதிக்கப்பட்டோர் இளைஞரும் பெண்களும். சளியும் காய்ச்சலும் வந்தபோது வைத்தியரிடம் ஓடினோம். மனத்துக்கு வந்ததை மட்டும் "வயசுக் குணம்" என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டோம்.

சின்னவர்களின் மனமும் இதற்கு விலக்கன்று. ஐந்து, ஆறு வயதில் ஒரு பிள்ளை பள்ளியிற் கற்பது எழுத்தை மட்டுமன்று. வரிசையில் நிற்கக் கற்கிறது; அழிறப்பரைக் கடன்கொடுத்துத் திரும்ப வாங்கக் கற்கிறது; சண்டையிட்டுப் பின்பு சமாதானமாகக் கற்கிறது. "அருகிற் போகாதே, தொடாதே, பகிர்ந்துண்ணாதே" என்பவற்றையே இவர்கள் முதற்பாடமாகக் கற்றார்கள். அவ்வாறு சொல்லியது உயிரைக் காக்கத்தான்; அதிற் பிழையில்லை. ஆனால் அந்தப் பாடத்தை மறக்கச் செய்ய எவரும் தனியாக ஒருநாள் ஒதுக்கவில்லை. திங்கட்கிழமை காலைகளில் வரும் வயிற்றுவலிக்கு வேர் பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது. அவ்வலி பொய்யன்று. அச்சத்தால் வரும் வலியும் வலிதான்.

இல்லத்திற் செய்யத்தக்கவை

இனி, யாது செய்யலாம்? எம் அயல்வீட்டுத் தாயாருக்கு யாம் கூறியவற்றையே இங்கும் கூறுகிறோம்.

முதலாவது, எந்தப் படி இல்லை என்று கண்டறியுங்கள். புள்ளியைப் பாராதீர்கள்; பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, தனிமையில், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். எங்கே தடுமாறாது வாசிக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். கணிதத்துக்கும் இதே முறைதான்: கடன்வாங்கிக் கழித்தல் வருகிறதா, ஏழாம் வாய்பாடு தெரியுமா, அரைவாசியும் காற்பங்கும் விளங்குகிறதா என்று பாருங்கள். வயதைப் பார்த்து வகுப்பிற் போடாது, அறிந்த அளவைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கிக் கற்பிக்கும் முறையை மும்பையிற் தோன்றிய "பிரதம்" என்னும் அமைப்பு நெடுங்காலமாகக் கையாண்டு நற்பயன் கண்டிருக்கிறது. அதை ஒரு வீட்டிற் செய்வது பள்ளியிற் செய்வதைவிட எளிது.

இரண்டாவது, பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அது கூனிக் குறுகிப் போகும். அதற்கொரு வழி உண்டு. வீட்டில் தங்கையோ தம்பியோ, அயலிற் சிறு குழந்தையோ இருந்தால், "இதை அவளுக்கு வாசித்துக் காட்டு, அவளுக்குக் கதை கேட்க ஆசை" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் வாசிப்பது தங்கைக்காக. அவ்வாசிப்பில் அவன் கற்றுக்கொள்வது அவனுக்கே தெரியாது போகும். தங்கைக்கும் கதை கிடைக்கும்.

மூன்றாவது, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் நாள் தவறலாகாது. சோறு வடியும் நேரத்தில் அடுப்படிக்கருகில் இருந்து வாசிக்கட்டும். பிழைவந்தால் உடனே பாயாதீர்கள். வாக்கியம் முடிந்ததும் அந்தச் சொல்லை நீங்களே ஒருதரம் தெளிவாகச் சொல்லிக்காட்டுங்கள். தந்தைமாரே, இது தாய்க்கு மட்டும் விதித்த வேலையென்று ஒதுங்காதீர்கள். சந்தைக்குப் போகும்போது பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். முக்காற் கிலோ வெங்காயத்துக்கு எவ்வளவு, மிச்சக்காசு எவ்வளவு என்று அவன் கணக்குப் பார்க்கட்டும். பின்னம் கற்பிக்கச் சந்தையினும் சிறந்த வகுப்பறை யாம் அறியோம்.

நாலாவது, வகுப்பாசிரியரைக் கண்டு உண்மையைச் சொல்லுங்கள். "என் பிள்ளைக்கு வாசிப்புக் குறைவு, எல்லார் முன்னிலையிலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதிருந்தால் உதவியாயிருக்கும், நான் வீட்டிற் பயிற்றுகிறேன்" என்று கேட்பதில் இழிவொன்றுமில்லை. நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் இதனைத் தாமாகவே கண்டுகொள்ள ஆசிரியருக்கு அவகாசம் கிடைப்பதரிது. இவ்வாறு பலமாதம் முயன்றும் எழுத்துகள் பிடிபடவில்லையாயின், கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாக் குறைக்கும் பெருந்தொற்றே காரணம் என்று எண்ணிவிடவுங் கூடாது.

ஐந்தாவது, கைத்தொலைபேசி. அந்நாட்களில் நாமே அதனைப் பிள்ளையின் கையிற் கொடுத்தோம். அதுவே பள்ளி, அதுவே விளையாட்டு, அதுவே நண்பன் என்றோம். இன்று திடீரெனப் பறித்தாற் பிள்ளை சீறுவது இயல்பே. படிப்படியாகக் குறையுங்கள். இரவில் வீட்டிலுள்ள தொலைபேசிகளெல்லாம், பெற்றோருடையதும் சேர்த்தே, படுக்கையறைக்கு வெளியே உறங்கட்டும். மாலையில் ஒருமணி நேரம் பிள்ளை வெளியே ஓடி விளையாடட்டும். உறக்கமும் விளையாட்டும் இல்லாத பிள்ளைக்கு எந்த ரியூட்டரியாலும் பயனில்லை.

இறுதியாக ஒன்று. பிள்ளை நெடுநாளாக உண்ணாதிருந்தாலோ, உறங்காதிருந்தாலோ, நண்பரை முற்றாக வெறுத்தாலோ, "நான் இருந்தென்ன" என்ற சொல் ஒருமுறையேனும் அதன் வாயில் வந்தாலோ அதனை விளையாட்டென்று தள்ளிவிடாதீர்கள். ஏசாது பக்கத்தில் இருந்து கேளுங்கள், வைத்தியரை நாடுங்கள். தேசிய மனநல உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1926. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இவ்விரு இலக்கங்களையும் அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தல் நன்று.

வாழை இலைமேல் வாசிப்பு

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று எம் முன்னோர் கேட்டனர். அந்தப் பழமொழியைச் சொல்லிப் பிள்ளையையும் தம்மையும் அஞ்சவைக்கும் பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். எங்கள் பிள்ளைகளுக்கு வயது ஐம்பதன்று. பதினொன்று, பதினைந்து, இருபது. அவர்கள் வளைய மறுத்தவர்களுமல்லர். ஐந்து வயதில் அவர்களை வளைக்க வேண்டியவர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம். அது எவருடைய குற்றமும் அன்று. ஆனால் கடன் எங்களுடையது.

அன்றைய மாலையில் அந்தத் தாயாருக்கு முகம் வாடிவிட்டது. "மூன்று வருடமாக அவனைச் சோம்பேறி, சோம்பேறி என்று ஏசியிருக்கிறேனே" என்று கண்கலங்கினார். யாம் ஆறுதல் கூறி அனுப்பிவைத்தோம்.

நேற்று மாலை வேலிக்கருகே நின்றபோது அயல்வீட்டு முற்றத்திலிருந்து குரல் கேட்டது. பின்வளவில் வாழை இலையை விரித்து அதன்மீது அமர்ந்திருந்தாள் தங்கை. எதிரே அண்ணன், மடியிற் புத்தகம். "காகம் ஒரு... குடத்... குடத்தைக் கண்டது" என்று வாசித்தான். "குடம் என்றால் சின்னதா பெரியதா?" என்று தங்கை கேட்டாள். அவன் புத்தகத்தை உற்றுப் பார்த்தான். ஊகித்துச் சொல்லப் போகிறானோ என்று எமக்குப் பயமாயிருந்தது. "பொறு, அடுத்த வரியிலே இருக்கும், வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றான்.

தாயார் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் வாய்மேல் விரலை வைத்துப் பேசவேண்டாம் என்று சைகை காட்டினார். யாமும் ஓசையின்றி அகன்றோம்.